பழைய நிலப்படங்களில் நம் ஊர் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன மன்னர்களும் மாளிகைகளும் போர்க்களங்களுமே ஆகும். பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. கோட்டை கட்டாத மக்களுக்கும் செப்பேடு பெறாத குடிகளுக்கும் வரலாறு உண்டா என்னும் ஐயம் நம் இளைஞர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. "நமக்கு ஏதப்பா வரலாறு? இருக்கிற இடமே ஊரார் விட்டுக் கொடுத்த இடம்" என்று நம் பெரியவர்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கூற்று உண்மையன்று. நம் குடியிருப்பும், நாம் நடந்த பாதையும், நீர் மொண்ட குளமும், நம் முன்னோர் உறங்கும் இடுகாடும் எழுத்திலும் கோட்டிலும் பதிவாகியே உள்ளன. அப்பதிவைத் தாங்கி நிற்பவை பழைய நிலப்படங்கள். அவற்றை எடுத்துப் படிக்கும் வகையை நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலர் வாயிலாக இளைஞர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலம் அளக்கப்பட்ட கதை

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நாடு பிடித்த கையோடு நிலத்தை அளக்கவும் தொடங்கினர். வரி தண்டுதற்கும் படை நடத்துதற்கும் நிலப்படம் இன்றியமையாததாயிற்று. 1767 ஆம் ஆண்டு வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் நில அளவைத் தலைவராக அமர்த்தப் பெற்றார். இந்திய நில அளவைத் துறை தன் தோற்றத்தை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. அதே 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, நிலம், நீர்நிலை, வீடுகள், குடிகள் முதலியவற்றைக் கணக்கெடுத்தார். 1794 இல் மைக்கேல் டாப்பிங் என்பார் முயற்சியால் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய கிண்டி பொறியியற் கல்லூரியின் வித்து அதுவே.

1802 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை சென்ற பெரும் முக்கோண அளவைப் பணிக்கு அதுவே அடிப்படை. தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவி அரை டன் எடை உடையது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோவிலின் உச்சிக்கு அதனை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதனைப் பல வாரம் உழைத்துச் செப்பனிட்டார் என்பதனை நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. கயிறு பிடித்தவர் யார், கருவியைத் தோளில் சுமந்து மலை ஏறியவர் யார், கொடி தாங்கி வெயிலில் நின்றவர் யார் என்பதை அந்நூல்கள் கூறவில்லை.

பரங்கிமலையை நாம் மற்றொரு காரணத்தாலும் நினைவிற் கொள்ள வேண்டும். அடிக்கோடு அளக்கப்பட்ட எண்பத்தோராம் ஆண்டில், 1883 இல், பெருந்தலைவர் எம். சி. இராஜா பிறந்த இடம் அது. ஆசிரியராகத் தொடங்கிச் சட்டமன்றம் புகுந்த அப்பெருமகனாரின் முயற்சியால்தான் 1922 ஆம் ஆண்டு அரசு ஆவணங்களில் நம்மைக் குறித்த பழைய இழிபெயர்கள் நீங்கி, ஆதி திராவிடர் என்னும் பெயர் இடம் பெற்றது. எனவே, 1922 க்கு முந்தைய பதிவேடுகளில் பஞ்சமர், பறையர் என்னும் சொற்களையும், பிந்தியவற்றில் ஆதி திராவிடர் என்னும் சொல்லையும் காணலாம். பழம் ஆவணங்களைத் தேடுவோர் இவ்விரு காலத்துப் பெயர்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எல்லை அறிந்தவர் நம்மவர்

நிலப்படம் வருவதற்கு முன் ஊரின் எல்லை எங்கே எழுதப்பட்டிருந்தது? நம் முன்னோரின் நினைவில் எழுதப்பட்டிருந்தது என்பதே விடை. 1909 இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் இதற்குச் சான்று உண்டு. இரண்டு ஊர்களுக்கிடையே எல்லை வழக்கு எழுந்தால், பறையர் ஒருவரை நீர்க்குடத்தைத் தலையில் வைத்து எல்லை வழியே நடக்கச் செய்து, அவர் நடந்த தடத்தையே எல்லையாக ஏற்றனர். ஊர்த் தெருவில் நடக்கலாகாது என்று தடுக்கப்பட்டவரின் காலடியே, ஊருக்கு எல்லை வகுத்தது. தீண்டாமையை விதித்தவர்களும் அவர்தம் சொல்லை மெய்யென நம்பினர் என்பது எண்ணத்தக்கது.

வெட்டியான், தலையாரி, நீர்க்கண்டி முதலிய ஊர்ப் பணிகளில் இருந்தோர்க்கு ஒவ்வொரு கல்லும் வாய்க்காலும் வரப்பும் தெரியும். அளவையாளர் ஊருக்கு வந்தபோது கல்லைக் காட்டவும் சங்கிலி பிடிக்கவும் அவர்களே அழைக்கப்பட்டனர். அவர்கள் வாயாற் சொன்னவை கோடுகளாகவும் எண்களாகவும் மாறித் தாளில் ஏறின. தாள் கர்ணத்தின் பெட்டியில் பூட்டப்பட்டது. அறிவைத் தந்தவர் வெளியே நின்றார். ஆகவே, நிலப்படத்தைப் படிக்கக் கற்பது பிறர் பொருளை இரவல் வாங்குவதன்று. நம்மிடமிருந்து போனதைத் திரும்பப் பெறுவதாகும்.

நம் குடியிருப்புகளின் பழமைக்கும் சான்று உண்டு. 1010 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோவிலில் இராஜராஜன் காலக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களை ஊர்தோறும் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, பறைச்சுடுகாடு என்பனவும் அங்குத் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் அங்கு இருந்தோம், பிரித்து வைக்கப்பட்டும் இருந்தோம் என்னும் இரு உண்மைகளும் அக்கல்வெட்டில் அடங்கியுள்ளன. நேற்று வந்து ஒண்டியவர்கள் நாம் அல்லர்.

தாளைப் படிக்கும் முறை

மலை, ஆறு, ஏரி, ஊர், பாதை அனைத்தையும் அளவு பிழையாமற் காட்டும் படத்தைத் தலப்படம் என்பர். அலுவலகங்களில் டோப்போ ஷீட் என வழங்குவதும் இதுவே. 1905 க்குப் பின் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் அளவில் இவை பல வண்ணங்களில் அச்சாயின. விடுதலைக்குப் பின் மெட்ரிக் அளவு வந்ததும் 1:50,000 என்னும் அளவு வழக்கிற்கு வந்தது. இதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும்.

ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு. மதுரை நகரம் 58 கே/1 என்னும் தாளில் அடங்கும். 58 என்பது அகலாங்கில் நான்கு பாகை, நெட்டாங்கில் நான்கு பாகை கொண்ட பெரும் பகுதி. அதனைப் பதினாறாகப் பிரித்து ஆங்கில எழுத்து இடுவர். ஒவ்வோர் எழுத்துப் பகுதியையும் மீண்டும் பதினாறாகப் பிரித்து எண் இடுவர். இம்முறை தெரிந்தால் உங்கள் ஊர் எந்தத் தாளில் உள்ளது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

வண்ணங்களுக்கும் பொருள் உண்டு. நீலம் நீரையும், மஞ்சள் பயிர் நிலத்தையும், பச்சை காட்டையும், சிவப்பு குடியிருப்பையும் சாலையையும், பழுப்பு சமஉயரக் கோட்டையும் குறிக்கும். கோவில், மாதாகோவில், மசூதி, கல்லறை, கிணறு, பனைமரம் ஆகியவற்றிற்குத் தனித்தனிக் குறிகள் உள. மக்கள் விட்டு நீங்கிய ஊரும் அவ்வாறே குறிக்கப்பட்டிருக்கும். பழைய தாள்களில் பெயர்கள் ஆங்கிலேயர் உச்சரித்தபடி இருக்கும். செங்கல்பட்டைச் சிங்கிள்புட் என்றும், காஞ்சிபுரத்தைக் காஞ்சீவரம் என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா.

அனைத்திலும் முதன்மையாகப் பார்க்க வேண்டியது தாளின் ஓரத்தில் உள்ள அளவை ஆண்டு. அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. 1925 இல் தொடங்கி 1934 இல் முடிந்த மேட்டூர் அணையை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் அளந்த தாளில் ஊர்கள் இருக்கும். பின் அளந்த தாளில் அதே இடம் நீலமாக இருக்கும். நீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியில் வெளிப்படும் நந்தியும் மாதாகோவிற் கோபுரமும் மூழ்கிய ஊர்களுக்குச் சான்று கூறுகின்றன. ஓர் இடத்தின் இரு காலத்துத் தாள்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதே இக்கலையின் உயிர்நாடி.

ஊரும் சேரியும் தாளில்

தமிழக ஏரிப் பாசன ஊர் ஒன்றின் தாளை விரித்துப் பாருங்கள். ஏரிக்கரை வில்போல் வளைந்திருக்கும். கரைக்குக் கீழே மஞ்சள் நிற நன்செய். மேட்டில் நெருக்கமாகச் சிவந்த கட்டங்கள், அது ஊர். அதனின்று விலகி வயல்களுக்கு இடையே சிறு சிவப்புக் கட்டங்கள், அது சேரி. ஊருக்குப் பெயர் எழுதியிருக்கும். சேரிக்குப் பல தாள்களில் பெயரே இராது. வரைபடத்தில் இவ்விரண்டிற்கும் இடையே அரை சென்டிமீட்டர். நிலத்தில் 250 மீட்டர். அந்த 250 மீட்டரைக் கடந்து பள்ளிக்குச் செல்ல நம் மக்களுக்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பது தாளில் இல்லை.

அடுத்து, 1920 க்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தைக் காணலாம். சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையரை அமர்த்தி, அவர் வாயிலாக நம் மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை வழங்கத் தொடங்கியது. இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் பலவற்றின் வேர் அந்நாளைய லேபர் பள்ளிகளே. விடுதலைக்குப் பின் வந்த தாள்களில் காலனி என்னும் பெயர் தோன்றுகிறது. சேரி, மனைப்பகுதி, காலனி எனக் குடியிருப்பு வளர்ந்த வரிசையைத் தாள்களின் வரிசையிற் கண்டால், நம் பாட்டனார் எந்த ஆண்டளவில் எங்கிருந்து எங்குக் குடிபெயர்ந்தார் என்பதும் விளங்கும்.

ஒரு பாதையின் கதை

இது வெறும் ஆராய்ச்சி விளையாட்டன்று. எம் பள்ளிக்கு மாணவர் வரும் ஊர்களுள் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன்; ஊர்ப் பெயர் வேண்டா. அவ்வூரில் நம்மவர் இறந்தால் சடலத்தை நாற்று நட்ட வயலின் சேற்றில் இறங்கிச் சுமந்து சென்றனர். இடுகாட்டிற்குப் பாதை என்றுமே இருந்ததில்லை என்று நில உடைமையாளர் சாதித்தார். தொண்ணூறு வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் மட்டும், "பனை வரிசைக்கு வடக்கே வண்டித் தடம் இருந்தது, என் மாமனாரை அந்த வழியாகத்தான் கொண்டு போனார்கள்" என்று கூறி வந்தார். பனையும் இல்லை, தடமும் இல்லை. அவர் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை.

பட்டப்படிப்பு முடித்த இளைஞர் மூவர், விடுதலைக்கு முற்பட்ட ஓர் அங்குலத் தாளின் படியொன்றைத் தேடிப் பெற்றனர். அதில் சேரியிலிருந்து வாய்க்காற் கரை வரை விட்டுவிட்டுச் செல்லும் கோடொன்றும், அதன் தெற்கே பனைக் குறிகளும் இருந்தன. அவர்கள் அதனோடு நிற்கவில்லை. கிராம வரைபடத்தையும், புலப்படத்தையும், 'அ' பதிவேட்டையும் பெற்றனர். பாதைக்குத் தனிப் புல எண் இருந்தது. வண்டிப்பாதைப் புறம்போக்கு என எழுதியும் இருந்தது. வட்டாட்சியரிடம் மனு அளித்தனர். பலமுறை அலைந்தபின் அளவை நடந்தது. வரப்பின் அடியில் புதைந்திருந்த எல்லைக்கற்கள் இரண்டு வெளிப்பட்டன. புலப்படத்தில் உள்ள முழு அகலம் இன்னும் மீளவில்லை. ஆயினும், சடலத்தைச் சுமப்போர் சேற்றில் இறங்காமற் செல்ல இன்று வழி உண்டு. அந்த மூதாட்டி தம் இறுதிப் பயணத்தை அவ்வழியே மேற்கொண்டார்.

இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மூதாட்டியின் நினைவு எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டியது. தலப்படம் அந்நினைவு மெய் என்று காட்டியது. பதிவேடு உரிமையை நிலைநாட்டியது. மூன்றும் கூடியபோதே பாதை பிறந்தது.

பஞ்சமி நிலமும் பதிவேடும்

செங்கல்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் 1891 இல் நம் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து மனு இட்டாலும் மிராசுதாரரின் முன்னுரிமையால் அது தட்டிப் போவதை அவர் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 ஆம் நாளிட்ட ஆணையால் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. பத்தாண்டு வரை விற்கலாகாது. பின்னரும் இவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பன அதன் நிபந்தனைகள். அவ்வாறிருந்தும் நிலம் பெருமளவு கைமாறியது. செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று காவலர் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இளைஞர் இருவர் உயிர் நீத்தனர். அவர்கள் குருதி சிந்திக் கேட்டதை நாம் ஆவணம் காட்டிக் கேட்கக் கற்றிருக்கிறோமா என எண்ணிப் பார்த்தல் தகும்.

இதற்கு உரிய கருவி தலப்படம் அன்று, கிராம வரைபடமே ஆகும். பழைய கிராம வரைபடம் பதினாறு அங்குலத்திற்கு ஒரு மைல் என்னும் பெரிய அளவில் வரையப்பட்டது. ஒவ்வொரு புல எண்ணும் அதில் இருக்கும். புலப்படத்தில் நீளங்கள் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. நூறு கண்ணிகள் கொண்டது. தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. அப்போது உட்பிரிவு எண்கள் பல மாறின. ஏக்கர், செண்டு என்பன ஹெக்டேர், ஏர் ஆயின. ஆதலின், இன்றைய பதிவேட்டை மட்டும் பார்த்து 'நம் நிலம் ஏதும் இல்லை' என முடிவு கட்டலாகாது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் அதே புல எண்ணின் எதிரே என்ன எழுதியுள்ளது என்பதைப் பார்த்தல் வேண்டும். வெட்டியான் மானியம், தோட்டி மானியம் என்னும் குறிப்புகளும் அங்கே கிட்டக்கூடும்.

படம் சொல்லாதவை

நிலப்படத்தைத் தெய்வ வாக்காகக் கொள்ளுதலும் தவறு. தலப்படம் உடைமையைக் காட்டாது; ஒரு பாதை தாளில் இருப்பதால் மட்டும் அதில் உரிமை உண்டென்று சட்டம் கொள்ளாது. 1:50,000 தாளில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பதும், வெள்ளம் முதலில் நம் வாயிலில் நுழைவதும் இரண்டு மூன்று அடி வேறுபாட்டால் நேர்வன. அதை அக்கோடுகள் காட்டா. நேரில் நடந்தே காண வேண்டும்.

அளவையாளர் யாரிடம் பெயர் கேட்டாரோ அவர் சொன்ன பெயரே தாளில் ஏறும். அவர் பெரும்பாலும் ஊர்ப் பெரியதனக்காரரையே கேட்டார். நம் மக்கள் தம் குளத்திற்கும் திடலுக்கும் இட்ட பெயர்கள் நம் வாய்மொழியில் மட்டுமே உள்ளன. வேம்படியில் உள்ள நம் அம்மன் தாளில் இல்லை. பெண்கள் கூடி நாற்றுக்கட்டு இறக்கிய மேடு தாளில் இல்லை. இவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் முதியோர் சிலரே. அவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். தாள் இன்னும் நூறாண்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கும், அவர்கள் இருக்கமாட்டார்கள்.

இளைஞர் செய்ய வேண்டுவன

முற்காலத்தில் தலப்படம் பெறுவது எளிதன்று. கடலோரத் தாள்கள் பல நெடுங்காலம் பொதுமக்கட்குக் கிட்டவில்லை. 2005 ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்கட்கெனத் தனி வரிசையை உண்டாக்கியது. இன்று அத்தாள்களை இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்திலேயே பெறலாம். 1950 களில் அமெரிக்க இராணுவ வரைபடப் பிரிவு 1:250,000 அளவில் அச்சிட்ட இந்தியத் தாள்களும் இணையத்தில் உள்ளன. பழைய ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடலாம். புலப்படமும் 'அ' பதிவேடும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிற் கிட்டும். கிட்டாதவற்றிற்கு 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஊர்தோறும் நம் இளைஞர் நால்வர் ஐவர் சேர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்வாராக.

1. தம் ஊர் அடங்கிய தாள்களைக் கிடைக்கும் காலங்கள் அனைத்திற்கும் திரட்டி, அளவை ஆண்டைக் குறித்து வைத்தல்.

2. கிராம வரைபடத்தைப் பெரிதாகப் படியெடுத்து, முதியோர் முன் விரித்து வைத்து, ஒவ்வொரு குளம், திடல், பாதையின் பெயரையும் கேட்டு எழுதுதல். ஆடவரைப் போன்றே மூதாட்டியரையும் தவறாது கேட்டல்.

3. சொன்ன இடத்திற்கு அவர்களுடனோ, அவர்கள் குறித்துக் கொடுத்தபடியோ நேரில் நடந்து சென்று பார்த்தல்.

4. இடுகாடு, இடுகாட்டுப் பாதை, பொதுக்கிணறு, பஞ்சமி நிலம் ஆகியவற்றின் புல எண்களைத் தனிப் பட்டியலாக எழுதுதல்.

5. இவை யாவற்றையும் ஓர் ஏட்டில் தொகுத்து, ஒரு படியை ஊரிலும் மற்றொரு படியை நம் கல்விக் கழகத்திலும் வைத்தல்.

இவ்வாறு தொகுக்கும் ஏட்டில், தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுங்கள். பெருமைக்காக ஒன்றைக் கூட்டவோ, வெட்கத்திற்காக ஒன்றை மறைக்கவோ வேண்டா. நம்மைப் பிரித்து வைத்த கோடும் அதில் இருக்கட்டும்; அக்கோட்டைக் கடந்து நாம் கட்டிய பள்ளியும் இருக்கட்டும்.

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மக்களுக்கு எழுத்தறிவு ஊட்டிப் பட்டதாரிகளை ஆக்கி வந்துள்ளது. பட்டம் பெற்ற கண்கள் இனிப் பட்டாவையும் நிலப்படத்தையும் படிக்க வேண்டும். நீர்க்குடம் தாங்கி எல்லை நடந்தவரின் வழித்தோன்றல்கள் நாம். அவர்கள் காலடியால் எழுதியதைக் கல்வியாற் படித்தறிந்து, அடுத்த தலைமுறைக்கு எழுத்தில் விட்டுச் செல்லுதல் நம் கடன். பொன்விழா மலர் வெளிவரும் நாளில் நம் வட்டத்தின் ஒவ்வொரு ஊருக்கும் இத்தகைய ஏடு ஒன்று கழக நூலகத்தில் இருக்குமாயின், இன்று நாம் கொண்டாடும் இவ்விழா பயனுடைய விழாவாகும்.